பிரஷர் மாத்திரை, கல்லீரல், மரபணு: கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை போடுவதற்கு முன்னால் சில ஆண்டுகள் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. 2018-இல் வால்சார்டான் என்ற பிரஷர் மாத்திரையில் புற்றுநோய்ப் பொருள் கலந்திருப்பதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து, அட்டையைக் கையில் வாங்கியதும் "இது லிவர்ல போய் என்ன பண்ணும்?" என்று கேட்காத ஆள் குறைவு. பின்னால் நாலு பேர் சீட்டோடு நிற்கும்போது இதற்கெல்லாம் அரை பதில்தான் சொல்ல முடியும். மீதி அரையை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டுவிட்டேன்.

படிக்கிற யாரும் பாதியிலேயே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

"கிட்னி போயிடும், லிவர் போயிடும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். மரபணுவைக் கெடுக்கும்னா என்னங்க?"

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற இழை இருக்கிறது. செல் எப்படி வேலை செய்ய வேண்டும், எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. சில வேதிப்பொருட்கள் அந்த எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், சில இழையையே அறுத்துவிடும். இதைத்தான் மரபணு நச்சுத்தன்மை என்கிறார்கள். செல் பெரும்பாலான பிழைகளைத் தானே திருத்திவிடும். திருத்துவதற்குள் செல் பிரிந்துவிட்டால் பிழை நிரந்தரமாகிவிடும். அப்படிப் பல பிழைகள் ஒரே செல்லில், படக்கூடாத இடத்தில் சேர்ந்தால் புற்றுநோய். அதற்குப் பல வருடம் ஆகலாம், வராமலே போகலாம்.

"மரபணு" என்றதும் பிள்ளைகளுக்குப் போகுமோ என்று பயப்படுகிறார்கள். ஈரல் செல்லில் ஏற்படும் பிழை அந்த ஆளோடு முடிந்துவிடும். விந்தணு, கருமுட்டை செல்களில் நடப்பதுதான் பிள்ளைக்குப் போகும். அது தனிக் கணக்கு, அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு.

"மாத்திரை வயித்துக்குத்தானே போகுது? நடுவுல லிவருக்கு என்ன வேலை?"

பாண்டியிலிருந்து கடலூருக்குள் வரும் பஸ் ஆல்பேட்டை செக்போஸ்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அதுபோல, குடலில் உறிஞ்சப்படும் மருந்து பெரும்பாலும் நேராக இதயத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் ஏறத்தாழ முழுக்க முதலில் கல்லீரலுக்குள் போய்த்தான் உடம்புக்குள் வருகிறது. ப்ரோப்ரனலால் என்ற பிரஷர் மாத்திரையை விழுங்கினால் ஏறத்தாழ கால்பங்குதான் முழுசாக வெளியே வரும், மீதியை ஈரல் முதல் சுற்றிலேயே மாற்றிவிடுகிறது.

மாற்றும் வேலை பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் மருந்தில் ஆக்சிஜனைச் செருகும், அல்லது ஒரு துண்டைக் கழற்றும். இரண்டாம் கட்டத்தில் வேறு நொதிகள் அதில் சர்க்கரை அமிலம், சல்ஃபேட், அசிட்டைல் என்று எதையாவது ஒட்டிவிடும். அப்போதுதான் அது தண்ணீரில் கரைந்து சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேறும். எல்லா மருந்தும் இப்படிப் போவதில்லை. அட்டெனலால் பெரும்பாலும் மாறாமலே சிறுநீரகம் வழியாகப் போய்விடும். டெல்மிசார்டான் முதல் கட்டத்தையே தாண்டி, சர்க்கரை அமிலத்தை மட்டும் ஒட்டிக்கொண்டு பித்தத்தில் இறங்கி மலத்தில் போகும்.

"லிவர் விஷத்தை முறிக்கிற உறுப்புதானே? அதுவே எப்படி விஷம் பண்ணும்?"

இந்த ஒரு கேள்வி புரிந்துவிட்டால் மற்றவை எளிது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கொட்டை முழுசாக இருக்கும்போது கையில் வைத்து விளையாடலாம். பருப்பாக வந்த பிறகு வாயில் போடலாம். நடுவில் ஓட்டை உடைக்கும் அந்த நேரத்தில்தான் ஓட்டெண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்துபோகிறது. கையில் சாம்பலும் விளக்கெண்ணெயும் பூசிக்கொள்வது அதற்குத்தான். கல்லீரலிலும் இதே கதை. உள்ளே வந்த பொருள் சாது, வெளியே போகும் பொருளும் சாது. முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் ஆரம்பிப்பதற்குள் ஒரு இடைப்பொருள் உருவாகுமே, சில சமயம் அது பக்கத்தில் கிடைத்ததோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும் குணத்தோடு இருக்கும். பக்கத்தில் டி.என்.ஏ. கிடைத்தால் அதோடும் ஒட்டும்.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் என்.டி.எம்.ஏ. இது நைட்ரோசமைன் என்ற வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. 1956-இல் இங்கிலாந்தில் மேகி, பார்ன்ஸ் என்ற இருவர் இது எலிகளுக்கு ஈரல் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். என்.டி.எம்.ஏ. அப்படியே டி.என்.ஏ.வை ஒன்றும் செய்யாது. ஈரலில் சி.ஒய்.பி. 2இ1 என்ற நொதி அதில் ஆக்சிஜனைச் செருகியதும் அது உடைந்து, கண நேரமே வாழும் ஒரு துண்டு உருவாகிறது. அந்தத் துண்டு டி.என்.ஏ.வின் குவானின் எழுத்தில் ஒரு மெத்தில் குழுவை ஒட்டிவிட்டுப் போகும். அந்தக் குவானினை அடுத்த பிரதி எடுக்கும்போது செல் தப்பாகப் படிக்கிறது. இந்த மெத்திலைப் பிடுங்கி எடுக்க நம்மிடம் ஒரு புரதம் உண்டு. ஆனால் ஒரு புரதம் ஒரு தடவைதான் பிடுங்கும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. அளவு குறைவாக இருந்தால் சமாளித்துவிடும், வெள்ளமாக வந்தால் சமாளிக்காது. அளவைப் பற்றி நான் திரும்பத் திரும்பப் பேசப்போவது இதனால்தான்.

"இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? எலிக்குக் கொடுத்துப் பார்த்தா?"

முதலில் பாக்டீரியா. அமெரிக்காவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் ஒரு சோதனையை உருவாக்கினார். ஹிஸ்டிடின் என்ற சத்து இல்லாமல் வளர முடியாதபடி மரபணு கெட்ட சால்மொனெல்லாவை எடுத்துக்கொள்வார்கள். அதை ஹிஸ்டிடின் மிகக் கொஞ்சமாகவே உள்ள தட்டில் மருந்தோடு சேர்த்து வைப்பார்கள். மருந்து மரபணுவை மாற்றும் குணம் உடையது என்றால் சில பாக்டீரியாக்களில் கெட்ட மரபணு தற்செயலாகச் சரியாகி, தட்டில் புள்ளி புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ணினால் போதும்.

ஆனால் பாக்டீரியாவுக்குக் கல்லீரல் கிடையாதே. என்.டி.எம்.ஏ. போன்ற பொருள் அங்கே சாதுவாகவே தெரியும். அதனால் எலி ஈரலை அரைத்து, புவியீர்ப்பைப் போல 9000 மடங்கு விசையில் சுழற்றி, மேலே தெளியும் நீரைத் தட்டில் சேர்க்கிறார்கள். அந்த 9000-த்தால்தான் அதற்கு எஸ்-9 என்று பெயர். ஒவ்வொரு மருந்தையும் எஸ்-9 இல்லாமல் ஒரு தடவை, எஸ்-9 சேர்த்து ஒரு தடவை என இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். இல்லாமல் நெகட்டிவ், சேர்த்தால் பாசிட்டிவ் என்று வந்தால் மருந்து நல்லது, ஈரல் அதை மாற்றுவதுதான் வம்பு என்று பொருள். நேர்மாறாக வந்தால் ஈரல் காப்பாற்றுகிறது. பிறகு பாலூட்டி செல்களில் குரோமோசோம் உடைகிறதா என்று பார்ப்பார்கள், அதற்கும் பிறகுதான் உயிருள்ள எலி.

"சரி, நான் போடுற மாத்திரை பாசிட்டிவா நெகட்டிவா? அதைச் சொல்லுங்க முதல்ல."

நம் ஊரில் அதிகம் ஓடுவது அம்லோடிபின், டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், அட்டெனலால், மெட்டோப்ரலால். இவை எல்லாமே அங்கீகாரத்துக்கு முந்தைய மரபணுச் சோதனைகளில் நெகட்டிவ். லோசார்டான் விஷயத்தில் ஒரு படி கூடுதலாகப் போயிருக்கிறார்கள். விழுங்கிய லோசார்டானில் ஏறத்தாழ 14 சதவீதத்தை ஈரல் ஒரு அமிலமாக மாற்றுகிறது. அதுதான் தாய் மருந்தைவிடப் பல மடங்கு வீரியத்தோடு பிரஷரைக் குறைப்பது. அந்த அமிலத்தைத் தனியாக எடுத்தும் சோதித்து, கெடுதல் இல்லை என்று பார்த்தார்கள். அம்லோடிபினை ஈரல் 90 சதவீதம்போல வேலை செய்யாத பொருட்களாக மாற்றிவிடும். ஆனால் நிதானமாக மாற்றும். ஒரு நாள் மறந்தாலும் பிரஷர் உடனே எகிறாமல் இருப்பது அதனால்தான். (இதைப் படித்துவிட்டு மறக்கப் பழக வேண்டாம்.)

"எங்கம்மாவுக்கு ஸ்பைரனோலாக்டோன் கொடுத்திருக்காங்க. எலிக்குக் கட்டி வந்துச்சுன்னு போட்டிருக்கே?"

போட்டிருப்பது உண்மைதான். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதையும் இதுதான்.

பொட்டாசியம் கான்ரெனோயேட் என்று ஸ்பைரனோலாக்டோனுக்கு நெருங்கிய உறவு மருந்து ஒன்று உண்டு. இரண்டுமே உடம்புக்குள் கான்ரெனோன் என்ற பொருளைத் தரும். கான்ரெனோயேட்டை ஒரு வருடம் அதிக அளவில் கொடுத்த எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் கூடியது. பாலூட்டி செல்களில் எஸ்-9 இல்லாமல் சோதித்தபோது அது சாது. எஸ்-9 சேர்த்தபோது சில சோதனைகளில் பாசிட்டிவ். காரணம், ஈரல் நொதிகள் கான்ரெனோனை எபாக்சைடு என்ற வகைப் பொருளாக மாற்றுகின்றன. முந்திரி ஓட்டெண்ணெய் என்று மேலே சொன்னேனே, அந்த வகை.

அப்படியானால் ஸ்பைரனோலாக்டோனும் மோசமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. அதன் மூலக்கூறில் கந்தகம் இருக்கிறது. ஈரல் அதிலிருந்து கந்தகம் உள்ள வேறு பொருட்களையும் உண்டாக்குகிறது. கான்ரெனோன் எபாக்சைடாக மாறுவதை அவை தடுப்பதாக ஆய்வகச் சோதனைகளில் தெரிந்தது. ஸ்பைரனோலாக்டோனின் சொந்தச் சோதனைகளில் சில நெகட்டிவ், சில தெளிவில்லாமல் லேசான பாசிட்டிவ். எலிகளில் வந்த கட்டிகள் மனித அளவைவிட மிக அதிகமான அளவுகளில் வந்தவை. இதய பலவீனத்துக்கும், எதற்கும் அடங்காத பிரஷருக்கும் இன்று உலகம் முழுக்க இதைத்தான் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது பொட்டாசியம் அளவை. ரத்தத்தில் அது ஏறுவது இந்த மருந்தில் உண்மையாகவே நடக்கும் தொல்லை. இளநீரைத் தினமும் கொடுக்காதீர்கள்.

"பொண்ணுக்குப் பிரசவ நேரத்துல ஹைட்ரலாசின் போட்டாங்க. அது மரபணுவைக் கெடுக்கும்னு மருமகன் படிச்சிட்டுப் பயமுறுத்துறார்."

மருமகன் தப்பாகப் படிக்கவில்லை. பழைய பிரஷர் மருந்துகளில் பாக்டீரியாச் சோதனையில் பாசிட்டிவ் ஆனது ஹைட்ரலாசின். எலி, முயல் ஈரல் செல்களில் செய்த டி.என்.ஏ. பழுதுச் சோதனைகளிலும் சில பாசிட்டிவ். இதை ஈரல் கையாளும் வழி வேறு. என்.ஏ.டி.2 என்ற நொதி அதில் அசிட்டைல் ஒட்டி வெளியேற்றுகிறது. ஆனால் பேறுகாலத்தில் பிரஷர் கட்டுமீறிப் போனால் தாய்க்கு வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம், சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அதைத் தடுக்க ஓரிரு ஊசி போடுவதும், ஆண்டுக்கணக்கில் தினம் விழுங்குவதும் ஒன்றல்ல. நான் அந்த வார்டில் இருந்திருந்தாலும் போடச் சொல்லியிருப்பேன்.

"ஒரே மாத்திரை எங்க அண்ணனுக்கு ஒத்துக்குது, எனக்கு ஒத்துக்கலை. லிவர் ஆளுக்கு ஆள் மாறுமா?"

மாறும். இப்போது சொன்ன என்.ஏ.டி.2 சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மெதுவான வகை. காசநோய் மாத்திரை ஐசோனியாசிட்டையும் இதே நொதிதான் கையாளுகிறது. ஹைட்ரலாசினை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், மெதுவான வகை ஆட்களுக்கு மூட்டுவலி, காய்ச்சல் என்று லூபஸ் போன்ற நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

மெட்டோப்ரலாலுக்கு சி.ஒய்.பி. 2டி6, லோசார்டானுக்கு 2சி9 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதி உண்டு. ஒவ்வொன்றிலும் பிறவியிலேயே வேறுபாடு. நம் பக்கத்திலேயே ஜிப்மர் மருந்தியல் துறையினர் இந்த நொதிகளின் மரபணு வேறுபாடுகளைத் தமிழ் மக்களிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களிடம் எடுத்த சதவீதத்தை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது என்பது அவற்றைப் படித்தால் தெரியும்.

"2018-ல வால்சார்டான்ல கேன்சர்னு வந்துச்சே, அது மருந்தோட குத்தமா?"

மருந்தின் குற்றம் இல்லை, சமைத்த விதத்தின் குற்றம். வால்சார்டான் மூலக்கூறில் டெட்ரசோல் என்று நைட்ரஜன் நிறைந்த ஒரு வளையம் இருக்கிறது. அதைச் செய்ய அசைடு என்ற பொருள் வேண்டும். சீனாவில் மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலை 2012-இல் செய்முறையை மாற்றியது. புது முறையில் டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். வேலை முடிந்ததும் மிச்சமிருக்கும் அசைடை அழிக்க நைட்ரைட் சேர்த்தார்கள். கரைப்பான் லேசாகச் சிதைந்து டைமெத்தில்அமைன் ஆகும். அதுவும் நைட்ரைட்டும் சேர்ந்தால் என்.டி.எம்.ஏ. அந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் விட்டால் என்ன ஆகும் என்று வேதியியல் படித்த யாரும் யோசித்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. தேடினால்தான் தெரியும் பொருள் அது, ஆனால் யாரும் தேடவில்லை.

2018 ஜூலையில் பல நாடுகள் அந்த மாத்திரைகளைத் திரும்பப் பெற்றன. அடுத்த ஆண்டு சில லோசார்டான் தொகுதிகளில் (பேட்ச்) வேறொரு நைட்ரோசமைன் சிக்கியது. உள்ளே போனபின் என்.டி.எம்.ஏ. என்ன செய்யும் என்பதை மூன்றாவது கேள்வியில் சொல்லிவிட்டேன்.

"நான் அப்ப மூணு வருஷமா வால்சார்டான் போட்டுக்கிட்டிருந்தேன். எனக்கு வருமா?"

உங்களுக்கு வரும், வராது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது இது: மாசு கலந்த தொகுதியிலிருந்து, உச்ச அளவான 320 மில்லிகிராமை, தினமும், நான்கு ஆண்டுகள், 8000 பேர் விழுங்கினால், அந்த 8000 பேரின் வாழ்நாள் முழுவதிலும் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். இதுவே மோசமான நிலையை வைத்துப் போட்ட கணக்கு. நீங்கள் 80 மில்லிகிராம் எடுத்தவர். உங்கள் அட்டை அந்தத் தொகுதியா என்பதும் தெரியாது.

அன்றாட வரம்பாக என்.டி.எம்.ஏ.வுக்கு 96 நானோகிராம் வைத்திருக்கிறார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. எழுபது வருடம் தினமும் அந்த அளவு உள்ளே போனால் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற கணக்கில் வைத்த வரம்பு அது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிய ஒருவர் எனக்குத் தெரியும். மாற்று மருந்தும் வாங்கவில்லை. மூன்றாம் மாதம் வலது கையும் பேச்சும் போய்விட்டன. 8000-இல் ஒன்றுக்குப் பயந்தவரைப் பக்கவாதம் பிடித்தது.

"எல்லா நைட்ரோசமைனும் ஒண்ணுதானா? இப்ப வேற வேற பேர்ல சொல்றாங்களே."

இல்லை, இங்கேயும் ஈரல்தான் தீர்மானிக்கிறது. நைட்ரோசமைனின் நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை ஈரல் நொதி பிடுங்கி ஆக்சிஜனைச் செருகினால்தான் அது வெடிக்கும். என்.டி.எம்.ஏ. குட்டிப் பொருள், நொதியின் வாயில் எளிதாக நுழையும். பிடுங்க ஆறு ஹைட்ரஜன் தயாராக இருக்கிறது. 2022-இல் க்வினாப்ரில், ப்ரோப்ரனலால் மாத்திரைகள் சில நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. அங்கே மருந்து மூலக்கூறே நைட்ரைட்டோடு சேர்ந்து நைட்ரோசமைன் ஆகியிருந்தது. இவை பெருத்த மூலக்கூறுகள். பக்கத்தில் கிளைகளும் அதிகம், பிடுங்க ஹைட்ரஜன் குறைவு. இந்த வடிவத்தை வைத்தே வகை பிரித்து வரம்பு வைக்கும் முறை 2023-இல் வந்தது. சிலவற்றுக்கு 1500 நானோகிராம் வரை அனுமதி உண்டு. "நைட்ரோசமைன் இருக்கிறது" என்று செய்தி வந்தால் எந்த நைட்ரோசமைன், எவ்வளவு என்று கேளுங்கள்.

"பாண்டி போற அன்னிக்கு மட்டும் ஒரு குவார்ட்டர். மாத்திரையோட சேருமா?"

என்.டி.எம்.ஏ.வை வெடிக்க வைக்கும் அதே 2இ1 நொதிதான் சாராயத்தையும் எரிக்கும் நொதிகளில் ஒன்று. தினமும் குடிப்பவர் ஈரலில் அது பெருகிக் கிடக்கும், ஆகவே இடைப்பொருளும் வேகமாக உருவாகும். எப்போதாவது குடிப்பவருக்கு வேறு மாதிரி. அந்த நேரத்தில் நொதி சாராயத்தில் மாட்டிக்கொள்வதால், செக்போஸ்ட் ஆள் வேறு வேலையில் இருக்கும்போது வண்டி நழுவுவதுபோல என்.டி.எம்.ஏ. ஈரலைத் தாண்டி உணவுக்குழாய்க்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. விலங்குகளில் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் மாத்திரையில் இருக்குமோ இருக்காதோ என்கிற நானோகிராமைப் பற்றிக் கையில் குவார்ட்டரோடு கேட்பதுதான் வேடிக்கை. சாராயத்தை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது டி.என்.ஏ.வில் நேரடியாக ஒட்டும் பொருள். குவார்ட்டரில் அது நானோகிராம் கணக்கில் வருவதில்லை, கிராம் கணக்கில் வருகிறது. பிரஷரையும் ஏற்றும்.

"கருவாட்டுலயும் அந்த நைட்ரோசமைன் இருக்காமே. நாங்க முதுநகர் ஆளுங்க, விட முடியுமா?"

மீன் உலரும்போது அதில் டைமெத்தில்அமைன் உருவாகும். நைட்ரைட் கிடைத்தால் கொஞ்சம் என்.டி.எம்.ஏ.வும் உருவாகலாம். பிரஷர்காரருக்குக் கருவாட்டில் பெரிய பிரச்சினை அது இல்லை, உப்பு. உப்பு ஏறினால் பிரஷர் ஏறும், அப்புறம் மாத்திரை கூடும். ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக விடச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"லிவர் தொடாத மாத்திரைன்னா பயமே இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஹைட்ரோகுளோரோதயசைடுதான் சாட்சி. டெல்மிசார்டான், லோசார்டான் பெயருக்குப் பின்னால் "ஹெச்" என்று ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். ஈரல் இதை மாற்றுவதே இல்லை, அப்படியே சிறுநீரில் போய்விடும். ஆனால் தோலில் இருக்கும்போது வெயிலின் புறஊதாக் கதிரை இது வாங்கிக்கொள்கிறது. ஈரல் செய்யாத வேலையை வெயில் செய்கிறது. டென்மார்க்கில் மருந்துச் சீட்டுப் பதிவேடுகளை அலசியபோது, மொத்தமாக 50,000 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்குச் சில வகைத் தோல் புற்றுநோய் கூடுவது தெரிந்தது. 2020-இல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே இதைச் சேர்த்தார்கள். மொத்தத்தில் ஆண்டுக்கு 16,000 பேரில் கூடுதலாக ஒருவர். இது பெரும்பாலும் வெளிர்த் தோல்காரர்களின் கணக்கு.

நாள் ஒன்றுக்கு 12.5 மில்லிகிராம் என்றால் 50,000-ஐ எட்டப் பதினோரு வருடம் ஆகும். தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர் ஒருவர் பத்து வருடமாக ஹெச் மாத்திரை எடுக்கிறார். முண்டாசு கட்டுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், உதட்டிலோ காதிலோ ஆறாத புண் வந்தால் காட்டுங்கள் என்று சொன்னேன். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன். தேவைப்பட்டால் அவர் மாற்றித் தருவார்.

"கீழாநெல்லி சாப்பிட்டு லிவரைச் சுத்தம் பண்ணிக்கிட்டா இதெல்லாம் போயிடுமா?"

ஈரல் வடிகட்டித் துணி இல்லை, அழுக்கு தங்கித் துவைத்து எடுப்பதற்கு. டி.என்.ஏ.வில் ஒட்டிய மெத்திலைக் கீழாநெல்லி பிடுங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் உணவும் மூலிகையும் ஈரல் நொதிகளின் வேகத்தை மாற்றும் என்பது உண்மை. மிளகின் பைப்பரின் ரத்தத்தில் ப்ரோப்ரனலால் அளவை ஏற்றியதை ஒரு சிறு ஆய்வில் பார்த்தார்கள். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை, பைப்பரின் கேப்சூலைச் சொல்கிறேன். பம்ளிமாஸ் பழம் 3ஏ4 நொதியை முடக்கும். நிஃபெடிபின் எடுப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் நேர் எதிர். நொதிகள் பெருகி, பிரஷர் மருந்து வேலை செய்வதற்குள் ஈரல் அதைக் கரைத்துவிடும்.

"ஸ்கேன்ல கொழுப்பு ஈரல்னு வந்திருக்கு. எனக்கு ஆபத்து அதிகமா?"

கொழுப்பு சேர்ந்து வீக்கமும் வந்த ஈரலில் 2இ1 கூடுகிறது, 3ஏ4 குறைகிறது. காகிதத்தில் பார்த்தால் ஒன்று கெட்டது, மற்றொன்று மருந்தை ரத்தத்தில் நீடிக்க வைப்பது. நடைமுறையில், மேலே சொன்ன நெகட்டிவ் மாத்திரைகளுக்கு இதனால் மரபணுக் கணக்கு மாறாது. அளவு மட்டும் சிலருக்குக் குறைக்க வேண்டி வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டை பிரஷர் டாக்டரிடமும் காட்டுங்கள், வயிற்று டாக்டரிடம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

"சார், நான் பி.ஃபார்ம் ரெண்டாம் வருஷம். எலி லிவரை வச்சுச் சோதிச்சா மனுஷனுக்கு எப்படிப் பொருந்தும்?"

நல்ல கேள்வி தம்பி. முழுசாகப் பொருந்தாது. எஸ்-9 தயாரிக்கும் முன் எலிகளுக்கு நொதியைத் தூண்டும் மருந்து கொடுப்பார்கள், அதனால் முதல் கட்ட நொதிகள் அதில் ஏராளம். இரண்டாம் கட்டத்துக்கு வேண்டிய துணைப்பொருட்களைத் தனியாகச் சேர்க்காவிட்டால் அந்தக் கட்டம் நடக்காது. ஓட்டை உடைக்க ஆள் இருக்கிறது, பருப்பை எடுத்துக் கழுவ ஆள் இல்லை. ஆகவே எஸ்-9 சில சமயம் ஆபத்தைக் கூட்டிக் காட்டும்.

சில சமயம் தவறவும் விடும். சைப்ரோடெரோன் அசிட்டேட் என்ற ஹார்மோன் மருந்து (பிரஷர் மருந்து இல்லை) ஏம்ஸ் சோதனையில் நெகட்டிவ், உயிருள்ள ஈரல் செல்களில் டி.என்.ஏ.வோடு ஒட்டியது. அங்கே வெடிக்க வைப்பது இரண்டாம் கட்டத்துச் சல்ஃபேட். அது வழக்கமான எஸ்-9 கலவையில் நடப்பதில்லை. இத்தாலியின் ஜெனோவாவில் பிராம்பில்லா, மார்டெல்லி இருவரும் முழு ஈரல் செல்களை வைத்து இப்படிப் பல மருந்துகளைச் சோதித்தார்கள், பிரஷர் மருந்துகளின் மரபணுச் சோதனைகளைத் தொகுத்தும் எழுதினார்கள். நைட்ரோசமைனுக்கு இப்போது எலியோடு ஹாம்ஸ்டர் (எலி போன்ற ஒரு பிராணி) ஈரலையும், அதுவும் 30 சதவீதச் செறிவில் சேர்க்கச் சொல்கிறார்கள். எலி ஈரல் சில நைட்ரோசமைன்களைக் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் காரணம்.

"ரத்தம் கொடுத்து என் மரபணு கெட்டிருக்கான்னு பார்த்துக்கலாமா?"

எஸ்.ஜி.பி.டி. போன்ற ஈரல் பரிசோதனைகள் செல் உடைந்திருக்கிறதா என்றுதான் சொல்லும், டி.என்.ஏ. பற்றி ஒன்றும் சொல்லாது. காமெட், மைக்ரோநியூக்ளியஸ் என்று ஆய்வுக்கூடங்களில் செய்யும் சோதனைகள் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட உதவும். தனி ஆளுக்கு இதைச் செய்து "நீங்கள் தப்பித்தீர்கள்" என்று சொல்ல முடியாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு சொன்னால் பணம் போனதுதான் மிச்சம்.

"வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்குற அரசு மாத்திரை, மக்கள் மருந்தக மாத்திரை, பாண்டில வாங்குறது — எது சுத்தம்?"

மக்களைத் தேடி மருத்துவத்தில் வருவதும், என் கடையில் விற்பதும், பாண்டியில் வாங்குவதும் ஒரே மருந்து விதிகளுக்குள்தான் வருகின்றன. வால்சார்டான் விஷயத்தில் விலை உயர்ந்த அட்டை, விலை குறைந்த அட்டை என்று வேறுபாடு இல்லை. பல கம்பெனிகள் ஒரே ஆலையிலிருந்து மூலப்பொருளை வாங்கியிருந்தன. அதனால் பெயரைவிட முக்கியம் பேட்ச் நம்பர்.

"அந்த பேட்ச் நம்பர் எங்க இருக்கும்? எங்க அட்டையில காணோமே."

அட்டையின் ஒரு முனையில் அழுத்தி அச்சடித்திருக்கும், காலாவதித் தேதியோடு. நீங்கள் முதல் மாத்திரையையே அந்த முனையிலிருந்து கிழித்திருப்பீர்கள். எதிர் முனையிலிருந்து தொடங்குங்கள். பத்து மாத்திரை மட்டும் கேட்டால் நானும் எண் இல்லாத பக்கத்தை வெட்டிக் கொடுப்பது உண்டு. அப்படிச் செய்தால் பில்லில் எண் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். திரும்பப் பெறுகிற அறிவிப்பு வந்தால் கையில் அந்த எண் இருக்க வேண்டும். மாத்திரையால் ஏதாவது ஆனது என்று தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். அது இந்தியாவின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் எண். கூப்பிடும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.